இசைத்தாளின் தலையெழுத்து

மேல்நாட்டு இசைத்தாள் ஒன்றைக் கையில் எடுத்தால் நம் கண் முதலில் போய் நிற்பது அந்த ஐந்து கோடுகளின் மேல் இல்லை. அதற்கும் மேலே, நடுவில், பெரிய எழுத்தில் இருக்கும் தலைப்பின் மேல்தான். அதன் கீழ் வலப்பக்கம் சின்னதாக, சாய்ந்த எழுத்தில், இசையமைத்தவர் பெயர் இருக்கும். வார்த்தைகளை எழுதியவர் வேறு ஒருவர் என்றால் அவர் பெயர் இடப்பக்கம். இந்த ஏற்பாடு தானாக அமைந்தது போலத் தோன்றும். அப்படி இல்லை. ஐந்நூறு வருஷமாக யாரோ ஒருவர் உட்கார்ந்து தீர்மானித்து வந்த விஷயம் அது. பெரும்பாலும் அந்த யாரோ, பாட்டை அமைத்தவரும் இல்லை, பாடுகிறவரும் இல்லை. அச்சகக்காரர்.

முப்பத்தைந்து வருஷம் அரசாங்க ஆபீசில் குறிப்பெழுதிக் காலம் தள்ளியவனுக்கு இதில் என்ன அக்கறை என்று நண்பர்கள் கேட்கலாம். எனக்குத் தலைப்பில்தான் அக்கறை. நான் வேலையில் சேர்ந்தபோது புதுச்சேரி ஆபீஸ் அலமாரிகளில் பிரெஞ்சுக் காலத்துக் கட்டுகள் இன்னும் இருந்தன. அவற்றில் 'ஒப்ழே' என்று ஒரு வரி இருக்கும். அது பிறகு 'சப்ஜெக்ட்' ஆயிற்று, அப்புறம் 'பொருள்' ஆயிற்று. மொழி மூன்றானாலும் வேலை ஒன்றுதான். அந்த ஒரு வரியைச் சரியாக எழுதாத கோப்பு ரெக்கார்டு ரூமுக்குள் போனால், உள்ளே எவ்வளவு நியாயம் எழுதியிருந்தாலும் திரும்பி வராது.

ஓய்வு பெற்று வெகுநாள் கழித்து, வயலின் கற்கும் பேத்திக்குச் சின்னச் சின்ன மெட்டுகளை எழுதிக் கொடுக்க வேண்டி, கணினியில் நொட்டேஷன் எழுதப் பழகினேன். மவுஸால் ஒவ்வொரு சுரத்தையும் பிடித்து இழுத்துக் கோட்டில் உட்கார வைக்கும் மென்பொருள்கள் பல உண்டு. என் கைநடுக்கத்துக்கு அது சரிப்படவில்லை. கடிதம் தட்டச்சு செய்வதைப் போல வெறும் எழுத்துகளாக அடித்துக்கொண்டே போனால் கணினி அதை இசைத்தாளாக மாற்றிக் கொடுக்கும் வகை ஒன்று உண்டு. அதுதான் எனக்குப் பிடித்தது. அதில் தலைப்பும் ஒரு வரி, இசையமைத்தவர் பெயரும் ஒரு வரி. எந்த எழுத்துருவில், எந்த அளவில், எந்தப் பக்கம் என்பதற்கும் ஆளுக்கொரு வரி. இந்த வரிகளை அடிக்கும்போது, இதெல்லாம் முன்பு யார் கையில் இருந்தது என்று தேடிப் படிக்கத் தோன்றியது. பள்ளியில் படித்த பிரெஞ்சு இதற்காவது உதவட்டும் என்று படித்தேன்.

கதை வெனிஸ் நகரில் தொடங்குகிறது. 1501-ல் ஒத்தாவியானோ பெத்ரூச்சி என்பவர் பல குரல் பாடல்களின் தொகுப்பு ஒன்றை அச்சிட்டார். நகரும் ஈய எழுத்துகளைக் கொண்டு அச்சான முதல் பல குரல் இசைத் தொகுப்பு அது. புத்தகத்தின் பெயரில் 'ஓதெகாட்டான்' என்ற கிரேக்கச் சொல் வருகிறது. நூறு பாட்டு என்று பொருள். உள்ளே இருப்பது தொண்ணூற்றாறு. தலைப்புக்கும் சரக்குக்கும் இருக்கும் இடைவெளி அப்போதே ஆரம்பமாகிவிட்டது. பெத்ரூச்சி கோடுகளை ஒரு முறை, சுரங்களை ஒரு முறை, எழுத்துகளை ஒரு முறை என்று ஒரே தாளைத் திரும்பத் திரும்ப அச்சு இயந்திரத்தில் கொடுத்து எடுத்தார். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் பாடல் வரிகள் முழுதாக இல்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே அதன் முதல் சில சொற்கள் மட்டும். அதுவே தலைப்பு.

நமக்கு இது புதிதில்லை. கச்சேரியில் பக்கத்தில் இருப்பவர் 'என்ன பாட்டு' என்று கேட்டால் நாமும் பல்லவியின் முதல் இரண்டு சொல்லைத்தான் சொல்கிறோம். பாட்டுக்குத் தனியாகப் பெயர் வைப்பது பிற்காலத்து வழக்கம்.

பாரிஸில் பியேர் அத்தேஞான் 1528-ல் வெளியிட்ட பாடல் தொகுப்பில் ஒரு சுருக்கு வழி வந்தது. ஒவ்வொரு ஈய எழுத்திலும் சுரத்தோடு அந்த இடத்துக்கான ஐந்து கோட்டுத் துண்டும் சேர்ந்தே இருக்கும். வரிசையாகக் கோர்த்தால் ஒரே அழுத்தில் வேலை முடிந்தது. கோடுகள் துண்டு துண்டாகத் தெரியும், அதனால் என்ன, விலை இறங்கியது. நான்கு குரலுக்கு நான்கு தனிப் புத்தகம். ஒவ்வொன்றின் முகப்பிலும் அதே தலைப்பு, கூடவே எந்தக் குரல் என்ற சொல். ஒரே உத்தரவை நான்கு இலாகாவுக்கு நகல் எடுத்து, மேலே பெறுநரை மட்டும் மாற்றுவோமே, அந்த மாதிரி. அவருக்குப் பிறகு பல்லார் குடும்பம் ராஜாவின் இசை அச்சகக்காரர் என்ற பட்டத்தை வைத்துக்கொண்டு, பழைய எழுத்தச்சுகளையே இருநூறு வருஷம் ஓட்டியது. போட்டி இல்லாத இடத்தில் எழுத்துரு மாறாது. நம் ஆபீஸ் டைப்ரைட்டர்களைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதற்கடுத்த கட்டம்தான் எனக்கு மிகவும் சுவாரசியம். 1700 வாக்கில் லண்டனில் ஜான் வால்ஷ் என்ற பதிப்பாளர். வெள்ளீயக் கலவைத் தகட்டில், எஃகு முத்திரைகளைச் சுத்தியலால் அடித்துச் சுரங்களைப் பதிப்பார்கள், எல்லாம் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலமாக மாறி. முகப்புப் பக்கம் மட்டும் தனி. பூவேலை, குழலூதும் தேவதைகள், திரைச்சீலை என்று சித்திரம் செதுக்கத் தனிக் கைகாரர் வேண்டும், கூலியும் அதிகம். வால்ஷ் என்ன செய்தார்? ஒரே ஒரு அழகான முகப்புத் தகட்டை வெட்டி, நடுவில் இடம் விட்டு வைத்துக்கொண்டார். புத்தகத்துக்குப் புத்தகம் நடுவில் வரும் எழுத்து மட்டும் மாறும். பிரெஞ்சில் இதற்கு 'பாஸ்-பார்த்து' என்று பெயர், எல்லா இடத்துக்கும் பொருந்துவது என்று அர்த்தம். இன்றைக்குக் கணினியில் 'டெம்ப்ளேட்' என்கிறோமே, அதேதான்.

அதே வால்ஷ் இன்னொரு காரியமும் செய்தார். 1730 வாக்கில் ஹேண்டலின் சொனாட்டாத் தொகுப்பு ஒன்று வந்தது. முகப்பில் ஆம்ஸ்டர்டாம் நகரத்து ழான் ரோஜே அம்மாள் வெளியீடு என்று இருக்கும். அந்த அம்மாள் 1722-லேயே காலமாகிவிட்டார். உண்மையில் தகடுகளை அடித்துப் புத்தகத்தை வெளியிட்டது லண்டனில் இருந்த வால்ஷ்தான் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் நிறுவினார்கள். அந்த முகப்பின் வாசகத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிரெஞ்சில் தொடங்கி, நடுவில் 'கொன் பாஸோ கொன்டினுவோ' என்று இத்தாலிய மொழிக்குத் தாவி, மறுபடி பிரெஞ்சுக்கு வருகிறது. ஆண்பால் பெண்பாலும் உதைக்கிறது. எங்கள் பிரெஞ்சு வாத்தியார் பார்த்திருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பார். சிரிப்பு ஒரு பக்கம். அந்தத் தொகுப்பில் இருந்த சொனாட்டாக்களில் சில ஹேண்டல் எழுதியவையே அல்ல என்பது இன்னொரு பக்கம். முகப்பில் பெயர் இருந்ததால் அவர் கணக்கில் ஏறின. அவற்றை உண்மையில் எழுதியவர்கள் யாரோ, அவர்கள் கணக்கிலிருந்து இறங்கின.

இங்கே நம் பக்கத்து ஏற்பாடு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் வாக்கேயக்காரர்கள் தங்கள் பெயரைப் பாட்டுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். தியாகராஜர் தன் பெயரையே வைத்தார், முத்துசுவாமி தீட்சிதர் 'குருகுஹ' என்று வைத்தார். முத்திரை என்கிறோம். முகப்பைக் கிழித்துப் போட்டாலும், அச்சகக்காரர் மறந்தாலும், சரணத்தில் பெயர் நிற்கும். காகிதத்தை நம்பாதவர்களின் யுக்தி அது. வார்த்தை இல்லாத வாத்திய இசைக்கு அந்த வசதி கிடையாது. அங்கே தலைப்பை விட்டால் வேறு கதி இல்லை.

1890-களில் சென்னையில் சின்னசாமி முதலியார் என்ற ஒரு பெரியவர் தியாகராஜ கீர்த்தனைகளை மேல்நாட்டு ஐந்து கோட்டு முறையில் அச்சிட்டார். 'ஓரியண்டல் மியூசிக் இன் யூரோப்பியன் நொட்டேஷன்' என்று பெயர். அரசுச் செயலகத்தில் உத்தியோகம் பார்த்தவர், ஆகவே எனக்கு அவர் மேல் தனிப் பாசம். சுப்பராம தீட்சிதரிடம் இருந்த பொக்கிஷம் வீணாகக் கூடாது என்று வற்புறுத்தியவர்களில் முதன்மையானவர் அவர். எட்டயபுரம் ஜமீன் ஆதரவில் 1904-ல் 'சங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி' தெலுங்கு எழுத்தில் அச்சானது. கமகங்களைக் காட்டத் தனிக் குறிகள் வேண்டியிருந்தன. யாரிடமும் இல்லாத குறியை எழுத்தாக்கி, அச்சில் ஏற்றி, அத்தனை பக்கமும் கோர்த்திருக்கிறார்கள். அதை நினைத்துப் பார்த்தால், எனக்குப் பொத்தானை அமுக்கி எழுத்துரு மாற்றுவது கொஞ்சம் கூச்சமாகக்கூட இருக்கிறது.

இனி கணினிக்கு வருவோம். அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் க்னூத் கணிதப் புத்தகம் அச்சிட 'டெக்' என்ற முறையை உண்டாக்கினார். எல்லாம் வெறும் எழுத்தாக அடிப்பது, பக்கமாக்குவது கணினியின் வேலை. பாரிஸுக்கு அருகில் ஒர்சேயில் இருந்த இயற்பியலாளர் தானியேல் தொபேன் அதே வழியில் இசைக்கு 'மியூசிக்டெக்' என்று ஒன்றை 1990-களின் தொடக்கத்தில் எழுதினார், பிறகு மற்றவர்களோடு சேர்ந்து 'மியூசிக்ஸ்டெக்'. பாறை ஏறுவதில் பிரியம் உள்ள மனிதர். 2003-ல் மலையேற்ற விபத்தில் இறந்துபோனார். அவருடைய முறை நுணுக்கமானது, ஆனால் ஒரு வரி இசைக்குப் பத்து வரி அடிக்க வேண்டும்.

இங்கிலாந்தில் கிறிஸ் வால்ஷா (நம் பழைய வால்ஷ் அல்ல) நாட்டுப்புற மெட்டுகளைச் சேகரித்துக்கொண்டிருந்தார். கேட்ட மெட்டைச் சுரத்தின் ஆங்கில எழுத்துகளாலேயே குறித்து வைப்பது அவர் பழக்கம். அதை மியூசிக்டெக்குக்கு மாற்றித் தரும் நிரலை 1993-ல் வெளியிட்டார். 'ஏபிசி' முறை என்று பெயர் வந்தது. நாம் சரிகமபதநி என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மேலே ஒரு தலைப்புப் பகுதி. எக்ஸ் என்ற எழுத்தும் முக்காற்புள்ளியும் போட்டால் வரிசை எண், டி போட்டால் தலைப்பு, சி போட்டால் இசையமைத்தவர், ஓ போட்டால் எந்த ஊர் மெட்டு, கடைசியாகக் கே போட்டால் சுருதி. ஆபீஸ் பதிவேட்டின் பத்திகள் மாதிரியே இருக்கும். பார்த்ததும் ஒட்டிக்கொண்டேன்.

இதைத் தாளில் அச்சாக்கும் நிரல்களில் நான் அதிகம் பழகியது ழான்-பிரான்சுவா முவான் எழுதியது. அவரும் பிரெஞ்சுக்காரர், பரோக் காலத்து ஆர்கன் இசையை அச்சிடுவதற்காகத் தொடங்கினார். அதில் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் தலைப்பு டைம்ஸ் எழுத்துருவில் 20 புள்ளி அளவில் நடுவில் வரும். துணைத்தலைப்பு 16. இசையமைத்தவர் பெயர் சாய்ந்த எழுத்தில் 14. மாற்ற வேண்டுமானால் இரண்டு சதவீதக் குறி போட்டு, 'டைட்டில்ஃபான்ட்' என்று எழுதி, எழுத்துருவின் பெயரும் அளவும் கொடுத்தால் போதும். பெயருக்குக் 'கம்போசர்ஃபான்ட்'. தலைப்பு இடப்பக்கம் வேண்டுமானால் 'டைட்டில்லெஃப்ட்'. எது இடம், எது நடு, எது வலம் என்று ஒரே வரியில் பிரித்துக் கொடுக்க 'டைட்டில்ஃபார்மட்' என்று ஒன்று இருக்கிறது. இன்னொரு விநோதம்: பட்டியலில் அகரவரிசை கெடாமல் இருக்க, ஆங்கிலத் தலைப்பின் முன்னால் வரும் 'தி'யைக் காற்புள்ளி போட்டுக் கடைசியில் எழுதி வைப்பார்கள். அச்சிடும்போது அந்த நிரல் அதைத் தூக்கி முன்னால் வைத்துவிடும். பதிவேடு எழுதிய எவரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

லில்லிபாண்ட் என்று இன்னொன்று, ஹாலந்து நாட்டு இளைஞர்கள் இருவர், ஹான்-வென் நீன்ஹாய்ஸும் யான் நியூவென்ஹாய்சனும், 1996-ல் தொடங்கியது. கையால் தகடு அடித்த பழைய பதிப்புகளின் கனமான, கறுத்த அழகு கணினியில் வரவில்லையே என்ற குறையில் பிறந்தது. இசைக்குறிகளுக்கு அவர்கள் வடித்த எழுத்துருக்களின் பெயர்களைப் பாருங்கள்: ஃபேட்டா, பார்மேசான், எம்மென்டாலர். எல்லாம் பாலாடைக்கட்டி வகைகள். அதில் தலைப்பு, துணைத்தலைப்பு, சமர்ப்பணம், கவிஞர், இசையமைத்தவர் எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி. கவிஞர் இடம், இசையமைத்தவர் வலம். பக்கத்தின் அடியில் தன் பெயரையும் தானே போட்டுக்கொள்ளும். வேண்டாமென்றால் ஒரு வரியில் எடுத்துவிடலாம். வால்ஷிடம் அந்தச் சலுகை கிடைத்திருக்காது.

பேத்திக்கு முதலில் எழுதியது ஒரு பிரெஞ்சுக் குழந்தைப் பாட்டு, 'ஆ! வூ திரேழ், மமாங்'. எங்கள் வகுப்பில் பாடியது. அவளோ கேட்டவுடன் 'தாத்தா, இது ட்விங்கிள் ட்விங்கிள்' என்றாள். பக்கத்து வீட்டுப் பையன் ஏபிசிடி பாட்டு என்றான். மூவர் சொன்னதும் சரி. மெட்டு 1761-ல் பாரிஸில் வார்த்தை இல்லாமல் அச்சானது. மொசார்ட் அதன் மேல் பன்னிரண்டு மாறுபாடுகள் எழுதினார். அதனாலேயே மெட்டும் அவருடையது என்று பலர் சாதிப்பார்கள். ஆங்கில வரிகள் ஜேன் டெய்லர் என்ற பெண்மணியின் கவிதை, 1806. ஏபிசி முறையில் டி வரியை எத்தனை வேண்டுமானாலும் போடலாம். முதலாவது பெரிதாகவும் மற்றவை துணைத்தலைப்பாகவும் வரும். மூன்று பெயரையும் போட்டேன். சி வரியில் 'மரபு மெட்டு' என்று மட்டும். மொசார்ட்டுக்கு இடமில்லை.

மூன்றில் ஒன்று தமிழில் இருக்கட்டும் என்று நினைத்தபோதுதான் அடுத்த விஷயம் தெரிந்தது. டைம்ஸ் எழுத்துருவில் தமிழே கிடையாது. எழுத்துருவை மாற்றினால் மட்டும் போதாது, 'கொ' என்று அடித்தால் ஒற்றைக்கொம்பு முன்னால் போய் நிற்க வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வரிசையாக வைக்கிற நிரலுக்கு அது தெரியாது. 'பாங்கோ' என்ற துணை நிரல் சேர்ந்திருந்தால் அது சரியாகக் கட்டிக் கொடுக்கும். லில்லிபாண்டும் அதையேதான் நம்பியிருக்கிறது. 2011-ல் வந்த ஏபிசி விதிமுறை யூனிகோடை இயல்பான எழுத்துமுறையாக ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் பிரெஞ்சு 'எ'யின் மேல் ஒரு கோடு போடவே சாய்கோடும் மேற்கோளும் சேர்த்து அடிக்க வேண்டியிருந்தது. லதா அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு கணினியில் இருந்து, அதன் பெயரை டைட்டில்ஃபான்ட் வரியில் கொடுத்தால், இன்று தமிழ்த் தலைப்பு பிசகில்லாமல் வருகிறது. அளவை மட்டும் கொஞ்சம் குறையுங்கள். நம் எழுத்து அகலம், நீளமான தலைப்பு ஓரத்தை இடிக்கும்.

இத்தனையும் எழுத ஒரு காரணம் உண்டு. நான் படித்த பள்ளியில், பெயர் வேண்டாம், தமிழரான ஒரு சங்கீத வாத்தியார் இருந்தார். நாங்கள் 'முசே' என்றுதான் கூப்பிடுவோம். வருஷக் கடைசியில் பிள்ளைகள் பாட அவரே ஒரு மெட்டு அமைத்தார், பிரெஞ்சு வரிகளும் அவருடையதே. ஸ்டென்சிலில் எழுதி உருட்டி எடுத்த தாள் ஒன்று என்னிடம் தப்பி இருக்கிறது. மேலே உருண்டைக் கையெழுத்தில் பள்ளியின் பெயர் பெரிதாக இருக்கிறது, அதன் கீழ் விழாவின் தேதி, யார் தலைமையில் என்ற விவரம். பாட்டுக்குத் தலைப்பு இல்லை. அமைத்தவர் பெயரும் இல்லை. கேட்டால் அது அந்தக் கால வழக்கம் என்பார்கள், இருக்கலாம். அவருடைய மெட்டு வேறு எதுவும் தாளில் இருப்பதாக அவர் குடும்பத்தாருக்கும் தெரியவில்லை.

போன மாதம் அதை ஏபிசியில் அடித்து முடித்தேன். பதினாறு அளவுச் சந்தம்தான், ஒரு மாலை வேலை. முதல் டி வரியில் பாட்டின் முதல் சொற்கள், பெத்ரூச்சி காலத்து வழியில். இரண்டாவது டி வரியில், தமிழில், பிள்ளைகள் நாங்கள் அழைத்த பெயர்: 'கடைசி நாள் பாட்டு'. சி வரியில் அவருடைய முழுப்பெயர், தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு. பெயரை இங்கே வெளியிடவில்லை, மகளிடம் கேட்டிருக்கிறேன், சொல்கிறேன் என்றிருக்கிறார். தாளை மட்டும் இரண்டு பிரதி எடுத்து அனுப்பிவிட்டேன். தலைப்புக்கு 20, பெயருக்கு 14 என்று நிரல் தானாக வைத்திருந்த அளவை மாற்றி, இரண்டுக்கும் 18 கொடுத்திருக்கிறேன்.